ஒட்டி மூடிய கப்பல்

பறக்கவே பறக்காத கப்பல்களுக்கு விளக்குப் போட்டுப் பிழைத்தவன் மின்மினி. கேட்டால் யாருக்கும் சிரிப்பு வரும். அவனுக்கே ஆரம்பத்தில் வந்தது.

தொலைக்காட்சித் தொடர்களிலும் படங்களிலும் வருகிற விண்வெளிக் கப்பல்களைப் பிளாஸ்டிக்கில் துண்டு துண்டாக வார்த்துப் பெட்டியில் போட்டு விற்கிறார்கள். அதை வாங்கி, மாதக்கணக்கில் மேசையில் பரப்பி, ஒட்டி, தேய்த்து, வண்ணம் பூசி, அலமாரியில் வைத்து அழகு பார்க்கிற ஆட்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். வெளியில் சொல்லிக்கொள்ள மாட்டார்கள், அவ்வளவுதான். ஆபீஸில் பத்துப் பேரை விரட்டுகிற அதிகாரியாக இருப்பார், வீட்டுக்கு வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு கப்பல் ஒட்டுவார். அப்படிப்பட்ட எல்லாருக்கும் ஒரு நாள் அந்த ஆசை வந்தே தீரும். இதன் ஜன்னல்களில் வெளிச்சம் தெரிந்தால் எப்படி இருக்கும், பின்னால் இன்ஜின் நீலமாக எரிந்தால் எப்படி இருக்கும் என்று. அந்த ஆசைக்குத் தீனி போடுவதுதான் மின்மினியின் தொழில். கடுகில் பாதி இருக்கும் எல்.இ.டி. விளக்குகள், தலைமுடி கனத்தில் செம்புக் கம்பிகள், விளக்குகளை மினுக்க வைக்கும் ஒரு சின்ன சர்க்யூட் பலகை, எதை எங்கே பொருத்துவது என்று எட்டுப் பக்கத்தில் படம் போட்ட குறிப்பு. எல்லாவற்றையும் ஒரு பெட்டியில் அடுக்கித் தபாலில் அனுப்புவான்.

மின்மினி என்று பெயர் வைத்தது அவன் மனைவியின் அண்ணன். அவர் குழாய் ரிப்பேர்க்காரர். ஒழுகுகிற எதையும் பற்றவைத்து நிறுத்துகிறவர், வாயை மட்டும் நிறுத்தத் தெரியாதவர். "வானத்துல இருக்கறதுக்கெல்லாம் நம்ம மாப்ளதான் கரண்டு குடுக்கறாரு" என்று நாலு பேர் கூடின இடத்தில் சொல்லிவிட்டு அவரே முதலில் சிரிப்பார். கேலியாக வைத்த பெயர் ஒட்டிக்கொண்டது. பெட்டியின் மேல் ஒரு பெயர் அச்சடிக்க வேண்டி வந்தபோது மின்மினியே அதைத்தான் எழுதிக் கொடுத்தான்.

பத்தொன்பது வருஷம் ஒரு டிவி ரிப்பேர்க் கடையில் குனிந்த தலை நிமிராமல் வேலை பார்த்தவன் அவன். பழுதான டிவியைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்கும் காலம் வந்தது. கடைக்காரர் ஷட்டரை இழுத்து விட்டுச் சொந்த ஊருக்குப் போனார். அதற்குப் பிறகு மின்மினி செய்து பார்த்த வேலைகளைச் சொல்லி மாளாது. எதிலும் ஆறு மாதம் தாக்குப்பிடிக்கவில்லை. மனைவி மூக்குக்கண்ணாடிக் கடையில் வில்லை தேய்த்துக் கொண்டுவந்ததில்தான் வீடு ஓடியது. ஒரு பொம்மைக் கடைக்காரர், ஜன்னலில் வைக்க ஒரு கப்பலுக்கு விளக்குப் போட்டுக் கொடுக்க முடியுமா என்று கேட்டார். போட்டுக் கொடுத்தான். பார்த்தவர்கள் எனக்கு எனக்கு என்றார்கள். நாற்பத்திரண்டு வயதில், தன்னால் சரியாகச் செய்ய முடிகிற வேலை ஒன்று இந்த உலகத்தில் இருக்கிறது என்று அவனுக்குத் தெரிந்தது.

மூன்றாம் மாடியில், துணி காய வைக்கும் பால்கனியைத் தகரத்தால் அடைத்து ஓர் அறை. அதில் ஒரு மேசை, மனைவி கொண்டுவந்து கொடுத்த பெரிய லென்ஸ், ஈயத்தை உருக்கிப் பற்றவைக்க ஊசி முனை மாதிரி பற்றுகோல், விளக்கைக் கிள்ளி எடுக்க நாலு விதச் சாமணம். எவ்வளவு வெக்கையிலும் அங்கே ஃபேன் போடக் கூடாது, விளக்குகள் பறந்துவிடும். ஒரு முறை அடுக்கி வைத்த தட்டின் மேல் தும்மிவிட்டு, புருஷனும் பெண்டாட்டியும் ஒரு பகல் முழுக்கத் தரையில் தவழ்ந்து விளக்குப் பொறுக்கினார்கள். முப்பத்தொன்று கிடைத்தது, ஒன்பது கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு அவள் அந்த அறைக்குள் வரும்போதே மூக்கைப் பிடித்துக்கொண்டு வருவாள், வேண்டுமென்றே.

வாடிக்கையாளர்கள் லேசுப்பட்டவர்கள் அல்ல. ஒரு தொடரில் வருகிற கப்பலின் சிவப்பு விளக்கு வினாடிக்கு எத்தனை தடவை மினுக்குகிறது என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு எண்ணி, இவன் செய்தது இருபதில் ஒரு பங்கு வேகமாக மினுக்குகிறது என்று மூன்று பக்கம் எழுதினவர் உண்டு. டிவியில் மறு ஒளிபரப்புச் செய்யும்போது படத்தைக் கொஞ்சம் வேகமாக ஓட்டுவார்கள், அதை வைத்து இவன் எண்ணிவிட்டான். மின்மினி தப்பை ஒப்புக்கொண்டு எல்லாருக்கும் புதுப் பலகை அனுப்பினான். ஆனால் விளக்கு அணைந்துவிட்டது என்று மட்டும் எட்டு வருஷத்தில் ஒருவரும் எழுதியதில்லை. ஒவ்வொரு தொகுப்பையும் அனுப்புவதற்கு முன்னால் மூன்று நாள் விடாமல் எரிய விட்டுப் பார்ப்பான். அது வெறும் பெருமை அல்ல. இந்த விளக்குகள் கப்பலுக்குள் போன பிறகு மேல்பாதியையும் கீழ்பாதியையும் ஒட்டிவிடுவார்கள். அந்தப் பசை சாதாரணப் பசை மாதிரி இரண்டைப் பிடித்து வைக்காது, பிளாஸ்டிக்கையே இளக்கி இரண்டையும் ஒன்றாக்கிவிடும். ஒட்டியது ஒட்டியதுதான். உள்ளே ஒரு கம்பி விட்டுப்போனால் ரம்பத்தால் அறுப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

அவனுடைய ஈயப் பற்றுக்கு ஒரு பேஸ்ட் வேண்டும். கம்பியைத் தொட்டு வைத்தால்தான் ஈயம் பிடிக்கும். வழக்கமாக வாங்குகிற கடையில் அது வருவது நின்றுபோனது. அந்தச் சமயம் பார்த்து வீட்டுக்கு வந்த மச்சான், தன் கருவிப் பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து மேசையில் வைத்தார். குழாய் பற்றவைக்கிற பேஸ்ட். தொட்ட மாத்திரத்தில் பிடிக்கும் மாப்ளே, வெச்சுக்குங்க என்றார்.

தொட்ட மாத்திரத்தில் பிடித்தது. வார்னிஷ் பூசிய முடிக்கம்பியைச் சுரண்டிச் சுரண்டி விரல் தேய்ந்தவனுக்கு அது வரமாக இருந்தது, அரை நாள் வேலை ஒரு மணி நேரத்தில் முடிந்தது. டப்பாவைத் திறந்தவுடன் மூக்கில் ஏறின அந்தக் காரநெடி என்ன என்று அவனுக்குத் தெரியும். டிவி ரிப்பேர் கற்றுக்கொள்ளப் போகிற எவனுக்கும் முதல் வாரத்திலேயே சொல்லித் தருவார்கள், அமிலம் கலந்த பேஸ்ட் கம்பி வேலைக்கு ஆகாது, மெல்ல மெல்ல அரித்துவிடும் என்று. ஸ்பிரிட் போட்டு நன்றாகத் துடைத்துவிட்டால் போகாதா என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். மூன்று நாள் எரிய விட்டான், பளிச்சென்று எரிந்தது. அவன் தெரியாமல் செய்தான் என்று நான் சொல்ல மாட்டேன். தெரிந்துகொண்டே, தெரியாத மாதிரி செய்தான்.

அந்தப் பேஸ்ட்டில் பற்றவைத்த முதல் தொகுப்பைத் தன்னுடைய மாதிரிக் கப்பலுக்குப் போட்டு அறையில் மாட்டினான். பிறகு நாற்பது பேருக்கு அனுப்பினான். அதில் ஒன்று கிளார்க் அக்காவுக்குப் போனது.

அந்த அக்கா ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் கிளார்க். கப்பல் பைத்தியம் அவருக்கு இல்லை, அவர் கணவருக்கு. கணவர் கட்டடக் கம்பெனியில் பிளான் வரைகிறவர். முப்பது வருஷம் கோணல் கோடு ஒன்று போட்டதில்லை என்று பேர் வாங்கினவர். வட்டத் தட்டு மாதிரி இருக்கும் பெரிய கப்பல் ஒன்றைப் பாதி செய்துகொண்டிருக்கும்போது பக்கவாதம் வந்து வலது கை, வலது கால், பேச்சு மூன்றையும் கொண்டுபோய்விட்டது. மனுஷன் படுக்கையில் கிடந்து சுவரைப் பார்த்து அழுகிறார், இந்தக் கப்பலை முடித்தால் கொஞ்சம் தெம்பு வரும் என்று தோன்றுகிறது, எனக்கு ஒயர் பற்றி ஆனாவும் தெரியாது ஆவன்னாவும் தெரியாது, சொல்லித் தருவீர்களா தம்பி என்று போனில் கேட்டார். மின்மினி அந்த அக்காவுக்காகவே எட்டுப் பக்கக் குறிப்பை இருபது பக்கமாக எழுதினான், கம்பிகளுக்குக் கலர் நூல் கட்டி அனுப்பினான். பள்ளிக்கூடம் விட்டு வந்து அக்கா ஒவ்வொரு கம்பியாக வைப்பார், கணவர் பக்கத்தில் தலையணையில் சாய்ந்து இடது கை விரலால் காட்டுவார். தப்பான இடத்தில் வைத்தால் கட்டிலைத் தட்டுவார். "அவரு என்னைத் திட்டறது கேக்குதா தம்பி" என்று சிரித்துக்கொண்டே அக்கா போனைக் கட்டில் பக்கம் நீட்டின நாள் உண்டு.

மேல்பாதிக்கும் கீழ்பாதிக்கும் வண்ணம் பூசியது கணவர்தான், இடது கையால். ஒரு கோடு போட அரை மணி நேரம் ஆகுமாம். இரண்டு மாதம் பூசினார். பூசி முடித்த வாரத்தில் இரண்டாவது தடவையாகப் பக்கவாதம் வந்து, அந்த இடது கையும் விழுந்துவிட்டது. இனிமேல் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள், இரண்டு மாதம் தாண்டாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அக்கா அதைச் சொல்லும்போது குரல் உடையவில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை லீவு, அன்றைக்கு இரண்டு பாதியையும் ஒட்டிக் கட்டிலுக்கு எதிரே தொங்கவிடப் போகிறேன் என்றார். கண் மட்டும் நன்றாகத் தெரிகிறது, பார்த்துக்கொண்டாவது இருக்கட்டும் என்றார்.

அந்த வாரம் புதன்கிழமை, மின்மினியின் அறையில் மாட்டியிருந்த மாதிரிக் கப்பல் அணைந்தது. ஒவ்வொன்றாக இல்லை, ஜன்னல், இன்ஜின், மினுக்கும் சிவப்பு எல்லாம் ஒரே சமயத்தில் போனது. அடாப்டர் போய்விட்டது என்று நினைத்து வேறு மாற்றினான், எரியவில்லை. சுவிட்சை மாற்றினான். பிறகு ரம்பத்தை எடுத்து அறுத்தான். பதினாறு முடிக்கம்பிகளும் வந்து ஒரு தடித்த கம்பியோடு சேருகிற இடத்தில் பேஸ்ட்டை அதிகமாகத் தொட்டு வைத்திருந்தான். அந்த இடம் பச்சைப் பொடியாக இருந்தது. சாமணம் பட்டதும் உதிர்ந்தது. விரல் விட்டு எண்ணினான். பற்றவைத்து ஏழு மாதம். அக்காவுக்கு அனுப்பியதைப் பற்றவைத்து நாலு மாதம் ஆகிறது. இன்னும் ஒட்டவில்லை. இரண்டு பாதியும் தனித்தனியாக மேசையில்தான் இருக்கின்றன. ஒரு போன் போதும். வேறு தொகுப்பு செய்து, தானே எடுத்துக்கொண்டு போய், ஒரு சாயங்காலத்தில் மாற்றி வைத்துவிட்டு வரலாம்.

போன் செய்யவில்லை.

ஏன் என்று கேட்டால், சாக்குகள் நிறைய இருந்தன. இந்த ஒன்று மட்டும் கெட்டிருக்கலாம், தீர விசாரிக்காமல் நோயாளி இருக்கிற வீட்டைப் பயமுறுத்தலாமா என்று வியாழக்கிழமை நினைத்தான். மீந்துபோன கம்பித் துண்டுகளை லென்ஸில் வைத்துப் பார்த்தான், எல்லாவற்றிலும் பச்சை பிடித்திருந்தது. வெள்ளிக்கிழமை போனைக் கையில் எடுத்து, அக்கா பள்ளிக்கூடத்தில் இருக்கும் நேரம் என்று வைத்துவிட்டான். சாயங்காலம் எடுத்து, சாப்பாடு ஊட்டுகிற நேரம் என்று வைத்துவிட்டான். சனிக்கிழமை அந்த அக்காவே கூப்பிட்டார், ஒட்டுகிற பசை எவ்வளவு நேரத்தில் காயும் என்று கேட்க. இதோ சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தான். "ஒரு ராத்திரி விட்டுடுங்கக்கா" என்றான். இத்தனை வருஷத்தில் அவன் விளக்கு கெட்டது என்று சொன்னவர் இல்லை, முதல் முதலாகத் தானே அதைச் சொல்ல வேண்டும், அதுவும் தன்னைத் தெய்வம் மாதிரி நம்பின ஒருத்தரிடம். வெட்கம்தான். வேறொன்றும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை விடிந்தது, முடிந்தது.

திங்கட்கிழமை காலையில் மனைவி அறைக்குள் வந்தாள். அன்றைக்கு மூக்கைப் பிடித்துக்கொள்ளவில்லை. அறுத்துக் கிடந்த கப்பலை நாலு நாளாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள், அவனாகச் சொல்லட்டும் என்று விட்டிருந்தாள். கேட்டாள், சொன்னான்.

"அந்த அக்காவுக்குச் சொல்லிட்டீங்களா?"

"இல்ல."

"ஒட்டிட்டாங்களா?"

"நேத்து."

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தான். அவளோ ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மற்ற முப்பத்தொன்பது பேரின் விலாசப் பட்டியலை எடுத்து, சொல்லுங்க, எழுதறேன் என்றாள். தன் கையால் எழுதினால் மறுபடி சாக்கு தேடுவான் என்று அவளுக்குத் தெரியும். அன்று பகல் முழுவதும் எழுதினார்கள். தப்பு என்னுடையது, ஆகாத பேஸ்ட் என்று தெரிந்தே செய்தேன், கப்பலை ஒட்டாமல் இருந்தால் ஒட்ட வேண்டாம், ஒட்டிவிட்டால் மன்னிக்கவும், புதுத் தொகுப்பு அனுப்புகிறேன். தெரிந்தே என்கிற வார்த்தையை விட்டுவிடலாமா என்று அவன் ஒரு தடவை கேட்டான். வேண்டாம் என்றாள்.

அக்கா வீட்டுக்கு மட்டும் நேரில் போனான், புதன்கிழமை. அமிலம் கலக்காத ரோசின் பேஸ்ட்டை மூன்று கடை ஏறி இறங்கி வாங்கிப் புதிதாகப் பற்றவைத்த தொகுப்பு ஒன்றையும் சின்ன ரம்பத்தையும் பையில் வைத்துக்கொண்டு, இரண்டு பஸ் மாறி. போகிற வழியெல்லாம் எப்படி ஆரம்பிப்பது என்று மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தான். கீழ்த்தளத்து வீடு. அக்கா கதவைத் திறந்தார். குரலை வைத்து அவன் நினைத்திருந்ததைவிடக் குள்ளமாக, நரைத்து இருந்தார். விஷயத்தைச் சொல்ல விடவில்லை, கையைப் பிடித்து இழுக்காத குறையாக உள்ளே கூட்டிக்கொண்டு போனார்.

"இங்க பாருங்க, யாரு வந்திருக்காங்கன்னு. விளக்கு செஞ்சு குடுத்த தம்பி."

கட்டிலில் ஒரு நீளமான மனிதர், எலும்பும் தோலுமாக. அவருக்கு எதிரே, உத்தரத்துக் கொக்கியிலிருந்து நைலான் நூலில் கப்பல் தொங்கியது. சுவிட்சு கட்டிலின் தலைமாட்டுக்குப் பின்னால் சுவரில் இருந்தது. பகலிலும் திரைச்சீலையை இழுத்துவிட்டு அறையை மங்கலாக வைத்திருந்தார் அக்கா. அந்த மங்கலில் கப்பலின் இருநூறு ஜன்னல்களும் எரிந்தன. மின்மினி தன் வாழ்நாளில் அப்படி ஒரு கப்பலைப் பார்த்ததில்லை. மேலே பூசியிருந்த கோடுகள் கொஞ்சம் நடுங்கியிருந்தன, கிட்டே போனால்தான் தெரியும். அந்த நடுக்கத்தினாலேயே அது கடையில் கிடைக்கிற பொருள் மாதிரி இல்லாமல், எங்கேயோ நிஜமாகப் போய் அடிபட்டு வந்தது மாதிரி இருந்தது. படுத்திருந்தவர் அவனைப் பார்த்தார். பிறகு கப்பலைப் பார்த்தார். மறுபடியும் அவனைப் பார்த்தார். வாயின் ஒரு பக்கம் மட்டும் விரிந்தது. கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து காதுக்குள் போனது, அக்கா துண்டால் துடைத்தார். மின்மினிக்கு அந்த இடத்திலேயே செத்துப்போய்விடலாம் போல இருந்தது.

சமையலறையில் வைத்துச் சொன்னான். அக்கா, கணவருக்குத் தண்ணீர் கொடுக்கிற மூக்குக் கிண்ணத்தைக் கழுவிக்கொண்டே கேட்டார். பச்சை பிடிப்பது, அரிப்பது, ஏழு மாதம், எல்லாவற்றையும் சொன்னான். சொல்லி முடித்ததும் குழாயை மூடினார்.

"எப்போ தெரிஞ்சுது உங்களுக்கு?"

பொய் சொல்ல வந்தது, விழுங்கினான். "போன புதன்கிழமை."

"நாங்க ஞாயித்துக்கிழமைதான ஒட்டுனோம்" என்றார் அக்கா. அவ்வளவுதான் சொன்னார். சனிக்கிழமை போன் செய்து பசையைப் பற்றிக் கேட்டதைக்கூட அவர் ஞாபகப்படுத்தவில்லை. திட்டியிருந்தால் அவன் தாங்கியிருப்பான்.

அறுத்தால் என்ன ஆகும் என்று கேட்டார். விளிம்போடு விளிம்பாக அறுக்க வேண்டும், இரண்டு நாள் ஆகும், ஓரத்தில் பூசிய வண்ணம் பெயர்ந்துவிடும், அதைத் திரும்பப் பூச வேண்டும் என்றான். நானே பூசித் தருகிறேன் என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டான். அக்கா கிண்ணத்தைத் துடைத்தார், துடைத்ததையே மறுபடி துடைத்தார். அவரைத் தூக்கி வேறு அறைக்கு மாற்ற முடியாது, நாலு ஆள் வேண்டும், மூச்சு முட்டும். அவர் கண்ணெதிரே அதை இறக்கி அறுக்க முடியாது, அவர் கையால் கடைசியாகச் செய்தது அது என்றார்.

"இன்னும் எவ்வளவு நாள் எரியும்?"

"மூணு மாசம் எரியும்க்கா. கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கலாம்."

அக்கா ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். உதடு அசைந்தது. கட்டை விரல் மற்ற விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு போனது. வாரங்களை எண்ணுகிறார் என்று அவனுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. புரிந்ததும் தரையைப் பார்த்தான்.

"போதும் தம்பி" என்றார். "அது போதும்."

புதுத் தொகுப்பைப் பிரிக்காமலே திரும்ப எடுத்துக்கொண்டு வந்தான்.

பிறகு பதில்கள் வந்தன. சிலர் பரவாயில்லை என்று எழுதினார்கள். சிலர் கிழித்துத் தோரணம் கட்டினார்கள். மினுக்குகிற கணக்கு எழுதினவர், இதுவரை தங்களிடம் வாங்கினதற்கு வெட்கப்படுகிறேன் என்று ஒரே வரி எழுதினார். மச்சான் வந்து தலையில் அடித்துக்கொண்டு, நான் குடுத்ததாலதான என்று புலம்பினார். உங்க மேல தப்பில்ல மச்சான், எனக்குத் தெரியும் என்றான் மின்மினி. அவருக்கு அதற்கு மேல் கேலி பேச வாய் வரவில்லை. வீட்டுக்கு வருவதையே குறைத்துக்கொண்டார். வேலை குறைந்தது. குறைந்தாலும், வந்த ஒன்றிரண்டுக்குப் பழையபடி கம்பியைச் சுரண்டி, பழையபடி பற்றவைத்து, மூன்று நாள் எரிய விட்டான். மூன்று நாள் எரிவதைப் பார்த்து இப்போது அவனுக்கு நம்பிக்கை வருவதில்லை.

அதெல்லாம்கூடப் பெரிசில்லை. வேறொன்று அவனைத் தின்றது. காலையில் எழுந்ததும் இன்றைக்கு எத்தனையாவது நாள் என்று எண்ணுவான். முதல் மாதம் போனது. இரண்டாவது மாதம் போனது. டாக்டர் சொன்ன கெடு அன்றோடு முடிந்தது, அக்காவிடமிருந்து தகவல் ஒன்றும் வரவில்லை. அன்றிலிருந்து, பல் விளக்கும்போது, படி இறங்கும்போது, கம்பியைச் சுரண்டும்போது, அவன் மனசு ஒரே ஒரு விஷயத்தை வேண்டிக்கொண்டிருந்தது. விளக்கு அணைவதற்கு முன்னால் அந்த மனுஷர் போய்விட வேண்டும். முதல் தடவை அந்த நினைப்பு வந்தபோது தன் கன்னத்தில் தானே அறைந்துகொண்டான். பிறகு அறைந்துகொள்வதும் நின்றுபோனது, நினைப்பு நிற்கவில்லை. தனக்கு ஒரு கெடுதலும் செய்யாத, தன்னைப் பார்த்து அழுத ஒரு மனிதரின் சாவுக்குக் காத்திருக்கிறவனாக ஆகிவிட்டதாக ஒரு நாள் மனைவியிடம் சொல்லிவிட்டு, சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டான். அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

மூன்றாவது மாதமும் முடிந்து மூன்று வாரம் ஆனது. ஒரு பகலில் போன் வந்தது, அக்கா.

அவன் எடுத்துக் காதில் வைத்தான்.

"அணைஞ்சு ஒன்பது நாள் ஆச்சு தம்பி."

"அவரு..."

"இருக்காரு. நல்லா இருக்காரு. டாக்டருக்கே ஆச்சரியமா இருக்கு. சாப்பாடு இறங்குது, மூச்சு சீரா இருக்கு. இன்னும் ஒரு வருஷம்கூட இருப்பாருங்கறாரு."

அக்காவே மெல்ல மேலே சொன்னார். காலையில் கண் விழித்ததும் அவர் கப்பலைப் பார்க்கிறார், பிறகு அக்காவைப் பார்க்கிறார், பிறகு சுவிட்சு இருக்கிற தலைமாட்டுப் பக்கம் கண்ணைத் திருப்பிக் காட்டுகிறார். கண்ணாலேயே போடு என்கிறார். கெட்டுப்போய்விட்டது என்று சொல்லியாயிற்று. நம்பவில்லை. அந்தத் தம்பியின் விளக்கு கெடாது என்று அவருக்கு எண்ணம். அக்காதான் வேண்டுமென்று போடாமல் இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

"எனக்கு அவரைப் பாத்துக்கறது அலுத்துப்போச்சுன்னு நினைக்கிறாரு தம்பி. இப்பல்லாம் நான் சாப்பாடு குடுக்கப் போனா சுவத்துப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கறாரு."

"நான் நாளைக்கே வரேன்க்கா" என்றான். குரல் அவனுக்கே வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. "என் தப்புன்னு அவர்கிட்ட நானே சொல்லிடறேன். கீழ இறக்கி, அறுத்து, அவரு முன்னாடியே மாத்தித் தரேன். நான் ஏமாத்துனவன்னு தெரிஞ்சா போதும், உங்களைத் தப்பா நினைக்க மாட்டாரு."

"வேணாம். வராதீங்க."

"அக்கா..."

"அன்னைக்கு நீங்க வந்தது அவருக்கு ஞாபகம் இருக்கு. அன்னைக்கு எதுக்கு வந்தீங்க, அப்பவே தெரியும்னா அப்பவே ஏன் மாத்தலன்னு யோசிப்பாரு. முப்பது வருஷம் பிளானுக்குக் கணக்கு போட்ட மனுஷன் தம்பி அவரு. நான் என்ன கணக்கு போட்டு அப்படியே விட்டேன்னு புரிஞ்சுக்குவாரு." அக்கா மூச்சை இழுத்துக்கொண்டது கேட்டது. "அதுக்குப் பதிலா, எனக்கு அலுத்துப்போச்சுன்னே நினைச்சுக்கட்டும்."

வைத்துவிட்டார்.

மின்மினி போனை மேசையில் வைத்தான். பற்றுகோல் சூடாகிக்கொண்டே கிடந்தது, அதை அணைக்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. மனைவி வந்து அணைத்தாள். யாரு, அந்த அக்காவா என்று கேட்டாள். தலையாட்டினான்.

"அவரு எப்படி இருக்காரு?"

"நல்லா இருக்காராம்" என்றான். சொல்லும்போதே அவனுக்கு அழுகை வந்துவிட்டது.